சுருளியாண்டிக்கு ஒரு துணை

சுருளியாண்டி மச்சானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கதிரேசன் சலூனில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். முடி வெட்ட வேண்டியது அவருக்குத்தான், எனக்கு இல்லை. ஆனாலும் மர மில்லில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த என்னை வழியில் மறித்து, "வாங்க மாப்ள, சும்மா ஒரு துணைக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தலையைக் கதிரேசனுக்குக் கொடுத்து, வாயை எனக்குக் கொடுத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நான் வெற்றிலையைத் துப்ப வெளியே எழுந்து போனால்கூட அவர் கழுத்து கூடவே திரும்பும். கதிரேசன் தாடையைப் பிடித்து நேராக்குவான். வேலை முடிந்து பின்னங்கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கு மாப்ள?" என்றார். "கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு மச்சான்" என்றேன். மறுநாள் விடிந்ததும் செத்துப்போனார்.

என் சம்சாரம் சீனியம்மா அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மாப்பிள்ளை. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது, ஒரே தெரு, அவ்வளவுதான். வாழ்ந்த காலம் முழுக்க ஓர் இடத்துக்கும் தனியாகப் போனவர் இல்லை. டீ குடிக்க ஆள் வேண்டும், ரேஷன் கடைக்கு ஆள் வேண்டும், தாலுகா ஆபீசுக்கும் இழவு வீட்டுக்கும் எதிர்த் தெருவில் இருந்த சொந்த அக்கா வீட்டுக்கும் ஆள் வேண்டும். விடிகாலையில் வாய்க்கால் பக்கம் ஒதுங்குவதற்குக்கூட யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பத்தடி தள்ளி உட்காரவைத்து, நாட்டு நடப்பை உரக்கப் பேசிக்கொண்டேதான் காரியத்தை முடிப்பார். பெண் பார்க்க லாரி நிறைய ஆட்களோடு போனாராம். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துதான் எங்கள் வீட்டில் சரி என்றார்கள் என்று அவர் சம்சாரம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை செத்தவரைப் பற்றி ஒரு பயம் உண்டு. அவருக்குத் தனியாகப் போக மனம் வராது, திரும்பி வந்து ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார் என்பார்கள். அதனால் பாடையில் உயிருள்ள கோழி ஒன்றைக் கட்டி அனுப்புவது வழக்கம். கவுச்சி தொடாதவர்கள் தேங்காய் கட்டுவார்கள். செத்தவர் அதைத் துணை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார் என்பது ஏற்பாடு. செத்ததும் மனிதனுக்கு அவ்வளவு புத்தி மங்கிவிடும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. எப்படியிருந்தாலும், சாதாரண ஆள் சனிக்கிழமை செத்தாலே கோழி கட்ட வேண்டும் என்றால், சுருளியாண்டி சனிக்கிழமை செத்தால் ஒரு பண்ணையையே கட்டியனுப்ப வேண்டும் என்று ஊர் நடுங்கியது.

அவர் மகன் நாவரசு பகுத்தறிவுக்காரன். மின்சார ஆபீசில் வேலை, நல்ல நாள் கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் கறுப்புச் சட்டை. "எங்கப்பன் பாடையில ஒரு இறகு ஒட்டியிருந்தாலும் தூக்க விடமாட்டேன்" என்று வாசலில் குறுக்கே நின்றான். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் அவன் காலில் விழாத குறையாக, "எய்யா, நீ நம்ப வேணாம், கோழி நம்பிட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினாள். கடைசியில், கோழி கட்டுவது ஆனால் சடங்காகக் கட்டாமல் சும்மா கட்டினதாக வைத்துக்கொள்வது என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது.

கோழிக்குத் தெருத்தெருவாகப் போனால் ஒரு வீட்டிலும் கோழி இல்லை. பிணத்தோடு அனுப்பக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரவர் கோழிகளைக் கூடையால் மூடி மேலே துணி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் முதல் பிராய்லர் கடை திறந்திருந்தது. அங்கிருந்து வெள்ளை வெளேர் என்று, பஞ்சு மூட்டை மாதிரி ஒன்றைத் தூக்கி வந்து பாடையின் கால்மாட்டில் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து வெயிலே பார்க்காத உயிர். கொட்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் சித்திரை வெயிலும் சேர்ந்து, ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. தூக்கினவர்களில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. கவனித்த மீதிப் பேர், சொன்னால் திரும்பி நடந்து இன்னொன்று வாங்கி வர வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சுருளியாண்டி டீக்கடைக்கு வந்தார்.

பின்னங்கழுத்தில் பவுடர் அப்படியே இருந்தது. தாடைக்குக் கட்டிய துணியைப் பல்வலிக்காரர் மாதிரி நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டிருந்தார். இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிய துணி அவிழாததால் குருவி மாதிரி தத்தித் தத்தித்தான் வந்தார். பார்க்கச் சகிக்காமல் டீ மாஸ்டர் கத்திரியால் அதை வெட்டிவிட்டார். எரித்த ஆளுக்குத் துணி எப்படி மிஞ்சியது என்று நாவரசு பிற்பாடு கேட்டான். அவன் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் கேட்பான்.

"என்னய்யா எல்லாரும் முழிக்கிறீக? மாஸ்டர், ஒரு டீ போடுங்க" என்றார்.

"குடிப்பீகளா?" என்றார் மாஸ்டர், மரியாதையாக.

"கையில வச்சுக்கிர்றேன்."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். "அது ஒரு கோழியாய்யா? நான் எந்திரிச்சுப் பாக்குறேன், அது எனக்கு முன்னாடியே போய்க்கிட்டிருக்கு. ஏய், ஏய்னு கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்கல. நடக்கத் தெரியாத கோழி, செத்தப்பறம் என்னா வேகம்ங்கிறீக! நான் அம்மாம் பாதையில ஒத்தையில நிக்கிறேன்." பெஞ்சில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாராச்சும் வாங்கப்பா. சும்மா ஒரு துணைக்கு. பாதை நல்லாத்தான் இருக்கு, நெழலு கெடக்கு."

ஒருவருக்கு வயலில் தண்ணீர் முறை வந்தது. ஒருவருக்கு மாடு கன்று போடும்போல இருந்தது. ஒருவர் கையில் பாதி வடையோடு, "எனக்கு வகுத்துக்கு ஆகலண்ணே" என்று சொல்லி மீதியையும் வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். சுருளியாண்டி கோபித்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருந்தபோதே இந்தச் சாக்குகளையெல்லாம் கேட்டுப் பழகியவர்தான்.

உடனே ஊரில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. சாஸ்திரத்தில் கோழி என்றால் நாட்டுக்கோழிதான், பிராய்லர் செல்லாது என்றது ஒரு கட்சி. கோழி செல்லும், ஆனால் முந்திப்போனதுதான் கோளாறு என்றது இன்னொன்று. பிராய்லர் கடைக்காரர், தன் கோழியைக் குறைசொன்னால் நன்றாக இருக்காது என்று மூன்றாவதாக நின்றார். கடைசியில் செலவைப் பார்க்காமல், கொண்டை தொங்கும் சேவல் ஒன்றைப் பிடித்துவந்து சுருளியாண்டி கையில் கொடுத்து, இந்தாங்க துணை, கிளம்புங்க என்றார்கள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கோழிகூட எம்புட்டு தூரம்யா பேசிக்கிட்டுப் போறது? ஒரு தடவ ஏமாந்தது போதும்" என்று இறக்கிவிட்டுவிட்டார். சேவல் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது.

அவர் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை, மிரட்டவில்லை, நெஞ்சில் ஏறி அமுக்கவில்லை. கேட்பார், அவ்வளவுதான். நாமாகச் சரி என்று சொன்னால் ஒழிய அவரால் கூட்டிப் போக முடியாது என்று சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததும் பயம் குறைந்து, பிறகு தொந்தரவாக மாறி, பிறகு கொசுத்தொல்லை போலப் பழகிப்போனது. அவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கேட்கமாட்டார். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து இலையில் உட்கார ஆள் இராது, அதனால் ஓர் இலை மிச்சம் என்று பெண் வீட்டார் வருத்தப்படவில்லை. தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து, பெயர் இன்னும் அடிக்காமல் இருக்கிறது, வந்து ஒரு ஓட்டைப் போட்டுவிட்டுப் போங்கள் என்று கும்பிட்டார்கள். "வர்றேன், பூத்து வரைக்கும் ஒரு ஆளு கூட வரட்டும்" என்றார். இரண்டு கட்சியிலும் ஆள் கிடைக்கவில்லை.

அவரைத் தட்டிக்கழிக்க ஊர் கண்டுபிடித்த நல்ல வழி, அடுத்த வீட்டைக் காட்டுவது. வரப்புத் தகராறு உள்ளவர்கள் எதிராளி வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள். மருமகள்கள் மாமியார் படுத்திருக்கும் அறையைக் கை நீட்டிக் காட்டினார்கள். மாமியார்கள், "அவளுக்குத்தான் இந்த வீட்டுல இருக்கவே பிடிக்கலையாமே, கேட்டுப் பாருங்க" என்றார்கள். அந்தக் கோடையில் யார் யாருக்கு யார் மேல் என்ன மனசு என்பது ஊருக்கே வெட்டவெளிச்சமானது. சுருளியாண்டி எல்லா வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் கேட்டார்.

நாவரசுவிடமும் கேட்டார். அவன் முகத்துக்கு நேராகச் சொன்னான், "அப்பா, நீங்க இல்ல. இது பிரமை."

"தெரியும்ப்பா. இல்லாத ஆளுக்கும் ஒரு துணை வேணும்ல."

பாக்கியத்தாய் விடவில்லை. "பேயே கெடையாதுங்கிறவன் நீதானய்யா, பயமில்லாதவன் கூடப் போயி விட்டுட்டு வாயேன்."

"இல்லாத ஆள்கூட எப்படிக்கா போறது?" என்று சொல்லிவிட்டு நாவரசு டியூட்டிக்குப் போய்விட்டான். அது அவன் மேடையில் பேசிய எல்லாப் பேச்சையும்விடப் பொருத்தமான பதில் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் மலையடிவாரத்திலிருந்து கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கை அடித்து, கண்ணைச் செருகி, "ஒரு ஆள் கூடப் போனாத்தான் அடங்கும்" என்று குறி சொன்னார். கூட்டத்தில் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுருளியாண்டி, "அப்ப நீங்களே வாங்களேன் பூசாரி" என்றார், நல்ல மனசோடுதான். கோடாங்கிக்குத் தேவாரம் ஊரில் ஓர் அவசர ஜோலி ஞாபகம் வந்தது. போகிற வேகத்தில் வெற்றிலைப் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவர் சொன்ன சொல் ஊரில் தங்கிவிட்டது. ஒரு ஆள் போனால் போதும். அப்படியானால் எந்த ஆள் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் தெருத்தெருவாக நடந்து, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

சீனியம்மாவுக்குச் சிறு வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டியபோது பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் தாங்காது, இருக்கிறவரைக்கும் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும், "எத்தன நாளாம்?" என்று அவள் கேட்டாள். "டாக்டருக்கே தெரியலையாம்" என்றேன். "பெரிய டாக்டருன்னாக" என்றாள். பிள்ளை குட்டி இல்லை. அந்த வருஷம் அவள் கட்டிலைவிட்டு எழுந்து அடுப்படி வரைக்கும் வந்தாலே மூச்சு இரைக்கும். சமையல் என் கைக்கு வந்திருந்தது.

எப்படியும் போகப்போகிறவள்தானே என்று ஊர் நினைத்தது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, கணக்கு அப்படி. பாக்கியத்தாய் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒனக்கும் சிரமம், அவருக்கும் சிரமம், அந்த மனுசனும் பாவம் ஒத்தையில அலையுறாரு" என்று மூன்று பேருக்காகவும் சேர்த்து மூக்கைச் சிந்தினாள். நான் பாட்டிலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாளிலிருந்து மில்லுக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

பூட்டு அவருக்கு என்ன செய்யும்? ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே சிரிப்புச் சத்தம். சுருளியாண்டி மச்சான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சீனியம்மா தலையணையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கோடாங்கி ஓடிய கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் வாசலிலேயே முகத்தைச் சாவு வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். உண்மையாகவே செத்த ஒருவர்தான் அதைச் செய்யாமல் வந்தார்.

"வாங்க மாப்ள" என்றார்.

"மச்சான், வெளிய போங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள் அவள். "எல்லாரும் அண்ணனப் பாத்து ஓடுறாக. என்னையப் பாத்தும்தான் ஓடுறாக. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ரொம்பக் கூச்சத்தோடு கேட்டார். "வர்றியா தாயி?"

என் கையில் சாவிக்கொத்து இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றாள்.

இந்த ஒரு வார்த்தை சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. அதுவரை யாரும் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததில்லை அல்லவா. மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஆட்டுக்கால் சூப் வந்தது, மல்லிகைப் பூ வந்தது, பந்தல் செலவு ஊர்ப் பொதுவில் என்று சேதி வந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அவளிடம் கேட்டேன். "போயிரமாட்டியே?"

"தெரியலைங்க" என்றாள். அவளுக்குப் பொய் வராது. "மூச்சு முட்டுறப்ப, போயிட்டா என்னன்னு இருக்கு. நீங்க தாளிக்கிற வாசம் வந்தா, இருப்பமேன்னு இருக்கு."

அதற்குப் பிறகு நான் தேவைக்கு மேல் தாளித்தேன். ரசத்துக்குத் தாளித்தேன், மோருக்குத் தாளித்தேன், ஒன்றும் இல்லாத வேளையில் வெறும் எண்ணெயில் கடுகையும் கருவேப்பிலையையும் போட்டு எடுத்துவைத்தேன். மில்லில் என் சட்டை முழுக்கப் பெருங்காயம் மணக்கிறது என்று சிரித்தார்கள்.

அவள் ஒரு முடிவுக்கு வந்ததற்குக் காரணம் நான் இல்லை, பாக்கியத்தாய்தான். மச்சானைத் தடுக்காத பூட்டை நான் விட்டுவிட்டிருந்ததால், நலம் விசாரிக்க உள்ளே வந்தவள், போகிற போக்கில் அடுப்படிப் பரணில் இருந்த வெங்கலப் பானையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே படுத்திருந்த சீனியம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"எம் பானையத் தட்டிப் பாக்குறா! நான் உள்ள கெடக்கேன், கனமா லேசான்னு தட்டிப் பாக்குறா!" நான் வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, மூச்சு இரைத்து, ஆனால் உயிர் நன்றாக ஊறி இருந்தது. முக்காலியில் சுருளியாண்டி பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துச் சொன்னாள், "அண்ணே, நான் வரல. யாரும் வரமாட்டாக. நீங்க தனியாத்தான் போகணும்."

"அது எனக்குத் தெரியாதே தாயி."

"நான் பழக்கிவிடுறேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போக அழும் பிள்ளையைப் பழக்குவது போலத்தான் பழக்கினாள். முதலில், "முக்குக் கடையில எனக்கு ரஸ்க் வாங்கிட்டு வாங்க, தனியா" என்றாள். போனார். விளக்குக் கம்பம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "முடியல தாயி. பேச ஆளில்லாம காலு ஓடமாட்டேங்குது."

"பேசாதீக. போற வழியில என்னென்ன இருக்குன்னு பாத்துக்கிட்டே போங்க. சேத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

மறுபடி போனார். இந்தத் தடவை வெகு நேரம் கழித்து, ரஸ்க் பொட்டலத்தோடு ஓடி வந்தார். கடைக்காரர் பயத்தில் இரண்டு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். "தாயி, நம்ம தெருவுல ஒரு முருங்க மரம் நிக்கிது, தெரியுமா?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாளா நிக்கிதுண்ணே."

"நான் பாத்ததே இல்லையே!" என்றார். அந்தத் தெருவில்தான் பிறந்தார். ஆயுசு முழுக்கப் பக்கத்தில் நடப்பவன் முகத்தைப் பார்த்தே நடந்ததால் தெருவைப் பார்க்கவில்லை. பொங்கல் நேரத்தில் அடித்த சுண்ணாம்பு எந்தெந்த வீட்டில் உரிந்திருக்கிறது, எந்த வீட்டு நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கிறது, மாவு மில் கூரையில் புறா எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவளிடம் கொட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். கட்டிலைவிட்டு இறங்க முடியாதவளுக்கு அவர் ஊரைக் கொண்டுவந்தார். அவருக்கும் அதைப் பார்க்க ஒரு காரணம் இருந்தது.

மாவு மில்லுக்கு அப்பால் போக மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கப்புறம் வாய்க்கால் பாலம், அதற்கப்புறம் ரயில்வே கேட், கேட்டைத் தாண்டினால் சுடுகாட்டுப் பாதை. "பாலம் வரைக்கும் நான் வர்றேன்" என்றாள் சீனியம்மா. நான் வேண்டாம் என்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். அவள் ஒரு பக்கம், செத்தவர் ஒரு பக்கம், பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாக்கியத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு, "போறியாடி எந் தங்கமே" என்று எடுத்த எடுப்பில் ஒப்பாரியை உச்சத்தில் தொடங்கினாள். யாரோ மாலை வாங்க ஓடினார்கள். கதிரேசன் சலூனை அடைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

சீனியம்மா நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, "எதுக்குடி கத்துற? காத்து வாங்கப் போறேன்" என்றாள். "எம் பானை மேல கை வச்ச, திரும்பி வந்து எண்ணுவேன்."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்தாள். வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளையாருக்குப் போட்டார்கள். அடுத்த நாளும் போனாள், திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவை அவள் திரும்பி வரும்போதும் தெருவில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். உடனே அதை மறைத்துக்கொண்டு, "வந்துட்டியா தாயி" என்பார்கள். பாலம் வரை அவர் தனியாகப் போகப் பழகியபிறகு ஒருநாள், கேட் வரைக்கும் போவோம் என்றாள். அவள் குரலைக் கேட்டதும் அதுதான் கடைசி என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தார்.

கேட் போட்டிருந்தது. போடி ரயில் வருகிற நேரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள், நான் சற்றுப் பின்னால் நின்றேன். ரயில் மெதுவாக, அதற்கு அவசரமே கிடையாது, எங்களைக் கடந்து போனது. கேட்கீப்பர் கம்பியைத் தூக்கினார். அந்தப் பக்கம் பாதை வெறிச்சென்று கிடந்தது, அவர் சொன்னது போல நிழலும் கிடந்தது.

"கடேசியா ஒரு தடவ கேக்குறேன்" என்றார் சுருளியாண்டி. "வர்றியா தாயி?"

அவள் கேட் கம்பத்தில் சாய்ந்து நின்று அந்தப் பக்கத்தையே பார்த்தாள். முதுகு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் போக ஆசையாக இருந்தது. அங்கே போனால் இந்த இரைப்பு இராது. அது அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எனக்காகத் திரும்பிவிடுவாள், அப்படித் திரும்பினால் நன்றாக இராது என்று நினைத்தேனோ, அல்லது கூப்பிட்டும் திரும்பாமல் போய்விடுவாளோ என்று பயந்தேனோ, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"நீங்க போங்கண்ணே" என்றாள். "போற வழியில என்னென்ன இருக்குன்னு நல்லாப் பாத்து வைங்க. நான் வர்றப்ப ஒத்தையிலதான் வருவேன். வந்து கேட்டுக்கிர்றேன்."

"ஒண்ணு விடாம சொல்லுவேன்" என்றார்.

"மாப்ள, வரட்டா" என்று என்னிடம் சொன்னார். தலையாட்டினேன்.

தண்டவாளத்தைத் தாண்டியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் திரும்பவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மரமாக நின்று நின்று, உதடு அசைய, எதையோ மனப்பாடம் செய்கிறவர் மாதிரி போனார். கேட்கீப்பர் அவருக்காக ஒரு லாரியை நிறுத்தி வைத்திருந்தார். அவர் கண்ணுக்கு மறைந்ததும், போகலாம் என்று லாரிக்குக் கை காட்டினார்.

சீனியம்மாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். "பசிக்குது" என்றாள்.

கோடாங்கி ஒரு வாரம் கழித்து வந்து, தன் உடுக்கைக்குக் கட்டுப்பட்டுத்தான் அவர் போனார் என்று சொல்லி வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு, வெற்றிலைப் பையையும் எடுத்துக்கொண்டு போனார். நாவரசு, வராத ஆள் எப்படிப் போக முடியும் என்று கேட்டுக் கூட்டம் போட்டுப் பேசினான். பேசிவிட்டுத் தனியாகப் போய் ரயில்வே கேட் பக்கம் நின்றுவிட்டு வந்ததை நான் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஊர் கொஞ்ச நாள் அதைப் பேசியது, பிறகு சினிமாக் கொட்டகை தீப்பிடித்ததால் அதைப் பேசப் போய்விட்டது.

டாக்டருக்குத் தெரியாத அந்த நாள் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை, அதற்கடுத்த கோடைக்கும் வரவில்லை. சீனியம்மா பானையைக் கீழே இறக்கிப் புளி போட்டு விளக்கி, அதில் பொங்கல் வைத்து, பாக்கியத்தாய்க்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ஐப்பசி மழையில் ஒரு புதன்கிழமை, பகலில், நான் மில்லில் இருந்தபோது போனாள். புதன்கிழமை என்பதால் யாரும் பயப்படவில்லை. எல்லோரும் வந்தார்கள், நன்றாக அழுதார்கள்.

நான் ரொம்ப நாள் கதவுக்குத் தாழ் போடாமல் இருந்தேன். ஊரில் யாரும் காதில் வாங்கப் பயந்த அந்த ஒரு கேள்வியை அவள் என்னிடம் வந்து கேட்டிருந்தால், அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுப் போயிருப்பேன். அவள் வரவில்லை. ஒற்றையில்தான் போவேன் என்றாள், ஒற்றையில்தான் போனாள்.

வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். ஒரு வேளைக்கு அரை டம்ளர் அரிசி ஆகிறது.